பாலத்தின் மேல் வரும் பேய் ரயில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஸ்டேட்ஸ்வில் என்ற ஊருக்கு மேற்கே, ஓர் ஓடையின் குறுக்கே ஏறத்தாழ 60 அடி உயரத்தில் கல் வளைவுகளின் மீது நிற்கும் பாஸ்டியன் பாலம், பேய்க்கதைகளால் பெயர்பெற்ற ரயில் பாலங்களுள் ஒன்றாகும். 1891-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் பின்னிரவில், சால்ஸ்பரியிலிருந்து ஆஷ்வில் நோக்கிச் சென்ற பயணிகள் ரயில் இப்பாலத்தில் தடம் புரண்டு ஓடைக்குள் விழுந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நொறுங்கிய பெட்டிகள் ஓடையை அணைபோல் மறித்துக்கொண்டதால் நீர்மட்டம் உயர்ந்து, விழுந்த வேகத்தில் உயிர் பிழைத்தவர்களிலும் சிலர் நீரில் மூழ்கி மாண்டனர். தண்டவாளத்தைக் கட்டைகளோடு பிணைக்கும் ஆணிகளை யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருக்க வேண்டும் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. ஊர் மக்கள் காயமுற்றோரைத் தங்கள் வீடுகளிலேயே கிடத்திப் பேணினர். இறந்தோரின் உடல்கள் புகையிலைக் கிடங்கு ஒன்றில் வரிசையாக வைக்கப்பட்டன. ஒரு சிற்றூர் எளிதில் மறந்துவிடக்கூடிய இரவன்று அது.

இந்நிகழ்ச்சியிலிருந்து கிளைத்த கதைகளில் இரண்டு இன்றளவும் வழங்கி வருகின்றன. ஆண்டுதோறும் அதே நாளில், அதே நேரத்தில், சக்கரங்கள் கிறீச்சிடும் ஓசையும் பயணிகளின் ஓலமும் எழ, அந்த ரயில் மீண்டும் ஒருமுறை பாலத்திலிருந்து விழுவதைக் காணலாம் என்பது ஒன்று. சீருடை அணிந்து, தங்கப் பைக்கடிகாரச் சங்கிலி தொங்க, தண்டவாளத்தருகே நிற்கும் ரயில் ஊழியர் ஒருவரின் ஆவி, எதிர்ப்படுவோரிடம் மணி என்ன என்று கேட்டுத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள முயலும் என்பது மற்றொன்று.

இரண்டாம் கதையில் வரும் கடிகாரம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரு திசைகளிலும் ரயில்கள் ஓடிய அக்காலத்தில், எந்த ரயில் எந்த நிலையத்தில் ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும் என்பதை ஊழியர்களின் சட்டைப்பையில் இருந்த கடிகாரங்களே தீர்மானித்தன. பாஸ்டியன் விபத்து நிகழ்ந்த அதே 1891-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், ஒஹையோ மாநிலத்தின் கிப்டன் என்னுமிடத்தில் இரு ரயில்கள் நேருக்குநேர் மோதிக்கொண்டதற்கு, எஞ்சின் ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடங்கள் நின்றுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கியதே காரணம் எனச் சொல்லப்பட்டது. அதன் பின்னரே வெப் பால் என்ற கடிகார வணிகரின் மேற்பார்வையில், ரயில் ஊழியர்களின் கடிகாரங்கள் எந்த அளவுக்குப் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்கும், அவற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதற்கும் கண்டிப்பான விதிகள் ஏற்பட்டன. மணி கேட்டு அலையும் ஆவி, ஆகவே, வெறும் கற்பனையில் முளைத்ததாகத் தோன்றவில்லை. நிமிடக் கணக்குப் பிசகினால் உயிர் போகும் என்று அஞ்சி வேலை பார்த்த ஒரு தலைமுறையின் அச்சமே அதில் உருவம் பெற்றிருக்கிறது எனலாம்.

நாட்டார் வழக்காற்றியலார், அதாவது மக்களிடையே வாய்மொழியாக வழங்கும் கதைகளையும் நம்பிக்கைகளையும் ஆராய்வோர், இவ்வகைக் கதையைப் பழமரபுக்கதை என்பர். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று தொடங்கும் கதைக்கு இடமும் காலமும் தேவையில்லை. பழமரபுக்கதையோ இன்ன இடம், இன்ன நாள் என்று சுட்டி, கேட்பவரை நம்பவோ மறுக்கவோ தூண்டுகிறது. கேட்டவர்கள் கேட்டதோடு நிற்பதில்லை என்பதையும், கதை சொன்னபடியே தாங்களும் செய்து பார்க்கப் புறப்படுகிறார்கள் என்பதையும், லிண்டா டேக், ஆண்ட்ரூ வாஜோனி ஆகிய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதிய கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாளும் நேரமும் குறித்துத் தரும் கதை, ஒருவகையில், அழைப்பிதழாகவே ஆகிவிடுகிறது.

பாஸ்டியன் பாலத்தில் அந்த அழைப்பை ஏற்றுச் சென்றவர்களுக்கு நேர்ந்தது மிகுந்த வேதனைக்குரியது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, பேய் ரயிலைக் காணும் ஆவலில் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னிரவில் பாலத்தின் மேல் கூடியிருந்தபோது, வழக்கமான ரயிலொன்று உண்மையாகவே வந்துவிட்டது. மற்றவர்கள் ஓடித் தப்ப, ஓர் இளைஞர் மட்டும் அடிபட்டு இறந்தார்; உடனிருந்த பெண்ணொருவரைத் தள்ளிவிட்டு அவர் காப்பாற்றியதாகவும் அன்றைய செய்திகள் கூறின.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகர எல்லையில், போப் லிக் என்ற ஓடைக்கு மேலே உள்ள இரும்புப் பாலத்தின் நிலைமை இதனினும் கொடியது. 90 அடி உயரமும் 772 அடி நீளமும் கொண்ட அப்பாலத்தில் பாதி மனிதனும் பாதி ஆடுமான ஓர் உருவம் வாழ்வதாகவும், அது தெரிந்தவர் குரலில் அழைத்து மனிதரைப் பாலத்தின் மேல் வரச்செய்வதாகவும் கதை வழங்குகிறது. பாஸ்டியன் கதைக்கு இருப்பதைப் போன்ற வரலாற்று வேர் இதற்குப் புலப்படவில்லை. சர்க்கஸ் ரயில் கவிழ்ந்து தப்பிய விலங்குமனிதன் என்றும், ஆடுகளைப் பலியிட்ட குடியானவன் என்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கின்றனர். 1988-இல் இக்கதையைக் குறும்படமாக எடுத்தபோது, ரயிலிலிருந்து தப்பப் பாலத்தின் விளிம்பைப் பற்றித் தொங்கலாம் என்று இளையோர் நம்பிவிடுவர் என ரயில் நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2016-இல் ஓர் இளம்பெண்ணும், 2019-இல் பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தியும் அங்கே ரயில் மோதி மாண்டனர்.

துருவேறிய தோற்றத்தைக் கண்டு கைவிடப்பட்ட பாலம் என்று கருதுவோர் பலர். ஆனால் சரக்கு ரயில்கள் அதில் நாள்தோறும் ஓடுகின்றன. நடந்து செல்வோர் ஒதுங்கி நிற்கத் தனிப் பாதையோ பக்கச் சுவரோ அங்கே கிடையாது. ரயிலின் பேரிரைச்சல் அது கடந்து போகும்போதுதான் முழுமையாகக் கேட்கும். எதிரே நிற்பவருக்கு முன்கூட்டி எட்டும் ஓசை மிகக் குறைவு. அதிலும், இணைப்பு இடைவெளியின்றிப் பற்றவைக்கப்பட்ட இக்காலத் தண்டவாளங்களில் பழைய ‘தடக் தடக்’ ஒலியும் எழுவதில்லை. ஆளைக் கண்டதும் ஓட்டுநர் தடையை அழுத்தினாலும், வேகமாக வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆகலாம். போப் லிக் பாலத்தின் அடியிலேயே சாலை செல்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தூண்களும், குறுக்குச் சட்டங்களும், மேலே ஓடும் ரயிலும் நன்றாகவே தெரியும்.