செய்யுமுன் சந்தையைப் பாருங்கள்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் மகளிர் சங்கத்தினருக்கும் இளைஞர்களுக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இந்த மழையில் வந்திருக்கிறீங்க. ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். சுயதொழிலுக்குக் கடன் எடுக்கப் போகிறோம், என்ன தொழில் செய்யலாம் என்று சொல்லுங்க சேர் என்று சங்கத் தலைவி கேட்டார். அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையை முதலில் செய்தவன் நான்தான். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஊதுபத்தி செய்யப் பயிற்சி கொடுத்தோம். பயிற்சி நன்றாக நடந்தது. எல்லோரும் கெட்டிக்காரிகள், ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் கடன் எடுத்து மூலப்பொருள் வாங்கினார்கள். செய்த பத்தியை லயத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். “நல்ல வாசம்”, “கடைப் பத்தியை விட நல்லது” என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆளுக்கொரு பக்கட் சும்மா வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகுதான் நடந்தது தெரிந்தது. டவுன் கடைக்காரர் இந்தியாவிலிருந்து வரும் பத்தியை எங்களை விடக் குறைந்த விலைக்கு விற்றார். எங்கள் பத்திக்குக் கடையில் இடமில்லை. லயத்தில் பாராட்டியவர்களும் காசு கொடுத்து வாங்கவில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கட் வாங்குகிறவர்கள், பழகிய வாசத்தைத்தான் கேட்டார்கள். இதற்கிடையில் இரத்தினபுரி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் இருந்த பத்தியெல்லாம் ஈரம் பிடித்தது, பற்ற வைத்தால் பற்றவில்லை. கடன் தவணைக்காரர் மட்டும் வாரா வாரம் தவறாமல் வந்தார். ஓர் அக்கா தன் தோட்டை அடகு வைத்துத் தவணை கட்டினார். “சேர், இனி என்ன செய்றது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தோடு திரும்பி வந்ததா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

பயிற்சி பிழையில்லை, பெண்கள் பிழையில்லை. “எதைச் செய்யலாம்?” என்று நான் கேட்டேனே தவிர, “யார் காசு கொடுத்து வாங்குவார்?” என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதுதான் பிழை. கொழும்பிலும் பெங்களூரிலும் படித்த இளைஞர்கள் ‘ஸ்டார்ட்-அப்’ என்று புதுக் கம்பனி தொடங்குகிறார்கள், தம்பிமார் போனில் பார்த்திருப்பீங்க. அவர்களிலும் பலர் விழுவது இந்தக் குழியில்தான். நல்ல பொருளைச் செய்து முடித்த பிறகு வாங்குபவரைத் தேடுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சரி, வாங்குபவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்படிக் கண்டுபிடித்த இரண்டு தமிழர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1998இல் கல்யாணம் செய்தார். மாதவிலக்கு நாட்களில் மனைவி பழைய துணியைப் பாவிப்பதைக் கண்டார். கடையில் விற்கும் பேட் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். அதை வாங்கினால் வீட்டில் பாலுக்குக் காசு இருக்காது என்று மனைவி சொன்னார். தாய்மார் வெட்கப்பட வேண்டாம், இது எல்லா வீட்டிலும் உள்ள விஷயம். அவர் மலிவாகப் பேட் செய்யத் தொடங்கினார். பஞ்சில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, எப்படி இருந்தது என்று தாளில் எழுதித் தரச் சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஒரு சிலரே எல்லோருடைய தாளையும் அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள்!

இதைக் கேட்டபோது எனக்கு என் ஊதுபத்திதான் ஞாபகம் வந்தது. “நல்ல வாசம்” என்று லயத்தில் சொன்னதும் அப்படிப்பட்ட பதில்தான். அவர்கள் பொய்க்காரர்கள் அல்ல. முகத்துக்கு முன்னால் கேட்டால் மனம் நோகக்கூடாது என்று நல்லதாகத்தான் சொல்வார்கள். ஆகவே வாய் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. காசை எடுத்துக் கொடுக்கிறாரா, அடுத்த வாரமும் வந்து கேட்கிறாரா என்று பாருங்க.

முருகானந்தம் விடவில்லை. பெரிய கம்பனிகள் பாவிப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கடைசியில் கண்டுபிடித்தார். அதை வைத்துப் பேட் செய்யச் சின்ன மெஷின் ஒன்றையும் உருவாக்கினார். அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். பெரிய கம்பனிகளோடு கடையில் போட்டி போடப் போகவில்லை. கிராமத்துப் பெண்கள் கடையில் ஆம்பிளைகளிடம் போய் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மெஷினை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். அந்தப் பெண்களே செய்து, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் விற்றார்கள். காசில்லாதவர்கள் வெங்காயம், உருளைக்கிழங்கு கொடுத்தும் வாங்கினார்களாம். 2016இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. பொருள் இருந்தால் மட்டும் போதாது, யார் கையால் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று இவர் கதை சொல்கிறது.

இரண்டாமவர் கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன். அவருடைய தகப்பனார் சின்னிகிருஷ்ணன், கூலி வேலை செய்கிறவரும் வாங்கக்கூடியதாகப் பொருள் இருக்க வேண்டும் என்று சின்னச் சின்னப் பக்கட்டில் பொருட்களை அடைத்து விற்றவர். தகப்பனாருக்குப் பின் ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983இல் 15,000 ரூபாவுடன் தனியாகத் தொடங்கினார். தகப்பனார் பெயரை வைத்து ‘சிக்’ என்று ஷாம்பூவுக்குப் பெயரிட்டார்.

அந்தக் காலத்தில் பெரிய கம்பனிகள் ஷாம்பூவை நகரத்தில் காசுள்ளவருக்கு விற்றன. கிராமத்து ஆள் சவர்க்காரமோ சீயக்காயோதான் போடுவார், அவர் ஷாம்பூ வாங்கமாட்டார் என்பது அவர்களுடைய எண்ணம். ரங்கநாதன் அந்தக் கிராமத்து ஆளிடமே போனார். ஊர் ஊராய்ப் போய், ஒரு பையனை நடுவில் நிறுத்தித் தலைக்கு ஷாம்பூ போட்டுக் கழுவி, முடியைத் தொட்டுப் பாருங்கள் என்று காட்டினார்கள். வெறும் பக்கட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பக்கட் இலவசம் என்று கொடுத்தார்கள். பின்னர் 50 பைசாவுக்கும் பக்கட் விற்றார்கள். அவருடைய கம்பனிதான் இன்றைக்குக் கெவின்கேர். போத்தல் வாங்கக் காசில்லாத ஆளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக்குக்குக் காசிருக்கும். அதை அவர் கண்டுகொண்டார். நம்முடைய லயத்துக் கடையிலும் ஷாம்பூ பக்கட் சரம் சரமாய்த் தொங்குகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

இது வேறு ஊர்க் கதை என்று நினைக்காதீங்க. நாம் பறிக்கிற கொழுந்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அந்த நாளில் பெரிய சந்தை இங்கிலாந்து. வாசத்துக்குப் பெயர் எடுத்தது நுவரெலியா, திம்புலப் பக்கத்து மலைத் தேயிலை. சப்ரகமுவவில் பெரும்பாலும் விளைவது தாழ்நிலத் தேயிலை. நிறம் கறுப்பு, சாயம் கடும். இதை மலைத் தேயிலை மாதிரி ஆக்க முடியாது, மண்ணும் சூடும் வேறு. ஆனால் ஈராக், ஈரான் போன்ற மேற்காசிய நாடுகளிலும் ரஷ்யாவிலும் பால் விடாமல், கடும் சாயமாய், சீனியோடு குடிக்கிறார்கள். முறுகிய கறுத்த இலையை அவர்கள் விரும்பினார்கள். அதற்கேற்றபடி ஸ்டோரில் ஓ.பி., பெக்கோ என்று இலை பெரிதான ரகங்களைச் செய்தார்கள். இன்றைக்கு இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலத் தேயிலைதான். நம்முடைய இலை தரம் குறைந்தது அல்ல, அதை விரும்புகிற ஆள் வேறு இடத்தில் இருந்தார். பொருள் விற்கவில்லை என்றால் உடனே பொருள் கூடாது என்று முடிவு எடுக்காதீங்க. ஆளை மாற்றிக் காட்டியும் பாருங்க.

இனி நம்மில் ஒருத்தியின் கதை. ஊதுபத்தி செய்த அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு தங்கச்சி, கடன் முடிந்த பிறகு என்னிடம் கேட்காமலே ஒன்று தொடங்கினாள். கேட்காமல் இருந்ததே நல்லது! காலையில் ஐந்தரைக்குக் காமன்ட் பஸ் வரும். தோட்டத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் போவார்கள். இவள் அவர்களிடம், “நான் சாப்பாடு செய்தால் வாங்குவீங்களா?” என்று கேட்கவில்லை. “நேற்று காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள். பாதிப் பேர் ஒன்றும் சாப்பிடவில்லை, பத்து மணி வரைக்கும் பட்டினி.

முதலில் பத்துச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனாள். நாலுதான் விற்றது. ஏன் என்று கேட்டாள். ஓடுகிற பஸ்ஸில் சோறு சாப்பிட முடியாது, கை கழுவத் தண்ணீர் இல்லை. அடுத்த வாரம் தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டசம்பலை உள்ளே வைத்துச் சுருட்டி, கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனாள். இருபதும் போய்விட்டது. அடுத்த நாள் பிள்ளைகளே தேடி வந்து கேட்டார்கள். நாற்பது ஆக்கினாள். சம்பளத்துக்குத் தருகிறோம் என்றவர்களிடம், “வேண்டாம் புள்ள, ஒன்னு வாங்கு, கைக்காசு குடு” என்றாள். கடன் ஒரு சதமும் எடுக்கவில்லை. வீட்டு அடுப்பு, வீட்டுத் தாச்சி. ஆறு பார்சல் மிஞ்சியதுதான் அவளுக்கு வந்த நட்டம், அதையும் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். என் யோசனையில் எத்தனை பேருக்கு எவ்வளவு நட்டம் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் இந்த வேலைகளைச் செய்யுங்க.

ஒன்று. யார் வாங்குவார் என்று ஆளைச் சொல்லுங்க. “எல்லோரும் வாங்குவாங்க” என்றால் ஒருவரும் வாங்கமாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்க. காமன்ட் பிள்ளைகளா, பள்ளிக்கூட ஆசிரியர்களா, நாட்டுப்பக்கத்துச் சிங்கள வீடுகளா, பலாங்கொடைச் சந்தைக்கு வருகிறவர்களா?

இரண்டு. அவர்களில் பத்துப் பேரிடம் நேரே போய்ப் பேசுங்க. உங்கள் பொருளைப் பற்றிப் பேசாதீங்க. இப்போது என்ன வாங்குகிறார்கள், எங்கே, என்ன விலைக்கு, அதில் என்ன குறை என்று கேளுங்க. சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டு முடிக்காதீங்க.

மூன்று. கையில் உள்ளதை வைத்துக் கொஞ்சமாய்ச் செய்து, காசுக்கு விற்றுப் பாருங்க. சும்மா கொடுத்தால் ஒன்றும் தெரியவராது. மிஞ்சினால் ஏன் மிஞ்சியது என்று கேட்டு, அளவையோ, பொதியையோ, இடத்தையோ, நேரத்தையோ மாற்றிப் பாருங்க.

நான்கு. கணக்கு எழுதுங்க. மாவு, தேங்காய், விறகு, கடதாசி, பஸ் காசு எல்லாம் போடுங்க. உங்கள் கூலியையும் போடுங்க. பெரட்டுக்குப் போனால் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு இதில் இறங்கினால் மிஞ்சுமா என்று பாருங்க.

ஐந்து. கேட்கிற அளவுக்குச் செய்துகொடுக்க முடியாத நிலை வந்தால், அப்போது கடனைப் பற்றி யோசிக்கலாம். வியாபாரப் பெயர் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொது சுகாதாரப் பரிசோதகரையும் முன்கூட்டியே கண்டு பேசுங்க.

இதையெல்லாம் செய்தும் நட்டம் வரலாம். பக்கத்து லயத்தில் இன்னொருத்தர் அதையே தொடங்கலாம், மாவு விலை ஏறலாம். வராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் நட்டம் ஆறு சோற்றுப் பார்சலோடு நிற்கும். தோடு காதிலேயே இருக்கும்.

தலைவிக்கு என் பதில் இதுதான்: என்ன தொழில் என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கொப்பி கொண்டுவாங்க. பத்துப் பேரிடம் பேசி, அவர்கள் சொன்னதை அதில் எழுதிக்கொண்டு வாங்க. எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கடன் விண்ணப்பப் பத்திரம் என் லாச்சியில் இருக்கட்டும். கொப்பிகளைப் பார்த்த பிறகு அதை வெளியே எடுப்போம்.

 மழை விட்டிருக்கிறது, இருட்டுமுன் பார்த்துப் போங்க.