பூனை கண் மூடும்பொழுது

(விழா அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்துவடிவம்)



பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று ஒரு பழமொழி வழங்குகிறது. திருட்டுப் பால் குடிக்கும் பூனையை எள்ளி எழுந்த சொல் அது. நன்றிக்கு நாயை எடுத்துக்காட்டும் மக்கள், பூனையை எவரிடமும் ஒட்டாத உயிரென்றே நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். ஆயினும் அது கண் மூடுவதற்கு வேறொரு பொருளும் உண்டு.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாஸ்மின் ஹம்ப்ரி, கேரன் மெக்கோம்ப் முதலிய ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வளர்ப்பவர் பூனையின் எதிரே அமர்ந்து, இமைகளைப் பாதியளவு தாழ்த்தி மெல்ல மூடித் திறந்தார். பூனைகளும் அவ்வாறே இமை தாழ்த்தி விடை பகர்ந்தன. பின்னர், அறிமுகமற்ற ஒருவர் இவ்வாறு இமைத்துக் கை நீட்டியபொழுது, முகத்தில் குறிப்பேதுமின்றி நீட்டியபொழுதைக் காட்டிலும் மிகுதியாக அவை அவரை அணுகின. இமை கொட்டாமல் உற்று நோக்குவதைப் பூனை அச்சுறுத்தலாகவே கொள்ளும். பகையின் முன்னே அது கண் மூடுவதில்லை. எனவே ஒருவர் எதிரே மெல்லக் கண் மூடும் பூனை, அவரிடம் தனக்கு அச்சமில்லை என்பதைத் தெரிவிக்கிறது. அபயதானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் இல்லங்களில், கொடுத்த தானம் சென்று சேர்ந்தது என்பதற்கு இதனினும் எளிய அடையாளம் வேண்டுவதில்லை.

வாலின் மொழி இன்னும் தெளிவானது. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடி வாழ்வது. அதன் குட்டிகள் தாயை நாடி ஓடும்பொழுது வாலைச் செங்குத்தாக உயர்த்தும். மனிதரோடும் பிற பூனைகளோடும் நெருங்கி வாழத் தொடங்கிய பின்னர், வளர்ந்த பூனைகளும் இக்குழந்தைப் பழக்கத்தையே நட்பின் வணக்கமாக்கிக்கொண்டன என்று கருதப்படுகிறது. பூனையின் நிழலுருவங்களை வெட்டி வைத்துப் பார்த்த ஆய்வொன்றில், வால் உயர்ந்த உருவத்தைக் கண்டவை தாமும் வாலுயர்த்தி நெருங்கின. வால் தாழ்ந்த உருவம் அவ்வரவேற்பைப் பெறவில்லை.

காலில் உரசும் பூனை பாலுக்காகக் குழைகிறது என்பர். பாலாசையும் இருக்கலாம்தான். ஆனால் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் இரு பூனைகளிடம் கொடுப்பதற்குப் பால் ஏது? கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகளின் மணத்தை உறவானவர்மீது பூசித் தன் கூட்டத்தவராக்கிக்கொள்வது அதன் வழக்கம். மடியை முன்கால்களால் மாறி மாறிப் பிசைவது, தாயிடம் பால் குடித்த நாளின் எச்சம்.

இக்குறிப்புகளைத் தவறாகப் படிப்பதனால் விளையும் துன்பம் சிறிதன்று. மல்லாந்து வயிற்றைக் காட்டும் பூனையைக் கண்டதும் குழந்தை ஓடிச்சென்று வயிற்றைத் தடவுகிறது. பூனையோ நம்பிக்கையைக் காட்டியதேயன்றித் தொடுமாறு அழைக்கவில்லை. வால் நுனி வெடுக்கென்று ஆடுகிறது, காதுகள் பக்கவாட்டில் மடிகின்றன, முதுகுத்தோல் சிலிர்க்கிறது. இத்தனையும் சொல்லிய பின்னரே நகம் வெளிப்படுகிறது. கீறியது மட்டுமே வீட்டாரின் கண்ணில் படுவதால், அன்பில்லாத பூனையென்று பழி சுமத்தி, சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவருவதும் உண்டு. இறுகப் பிடித்துத் தூக்கிக் கொஞ்சும் வழக்கமும் இத்தகையதே. விரலை மூக்கருகே நீட்டி, அதுவே வந்து கன்னத்தை உரசினால் தாடையின்கீழ் வருடலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குக் கற்பிக்க இவ்வளவே போதும்.

குறுகுறு என்னும் உறுமலொலி குறித்தும் ஒரு சொல். பெரும்பாலும் அது நிறைவின் ஒலியே. எனினும் காயமுற்ற பூனையும், நோயுற்ற பூனையும் அவ்வாறே ஒலிப்பதுண்டு. உணவை மறுத்து, கட்டிலடியிலோ பரண்மேலோ உடலைக் குறுக்கி ஒடுங்கியிருக்கும் பூனை அவ்வொலியை எழுப்பினால், அதனை மகிழ்ச்சியென்று எண்ணித் தடவிக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும்.