வீட்டுப் பாடமும் அறியா வினாவும்

கொள்ளேகால் என்னும் ஊரை நேயர்களிற் பலர் பட்டுச் சேலையின் வாயிலாக அறிந்திருப்பர். 1956 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முடிய அது சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நவம்பர் முதல் நாளன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. இன்று கருநாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லை ஒரே நாளில் மாறலாம். வீட்டில் பேசும் மொழி அவ்வாறு மாறுவதில்லை. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை பள்ளியிற் கன்னடம் கற்கிறது. மாலையில் வீட்டுப் பாடத்தை விரித்து, "அம்மா, இதற்கு என்ன எழுதுவது?" என்று கேட்கிறது. கன்னட எழுத்தறியாத தாய், "எனக்கு எங்கே தெரியும்? உங்கள் வாத்தியாரையே கேள்" என்று அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறாள். தந்தையோ கடையில் விற்கும் வினா-விடை நூலை வாங்கிக் கொடுத்துத் தம் கடமையை முடித்துக்கொள்கிறார். மும்பையிலும் ஐதராபாத்திலும் இக்காட்சிக்குக் குறைவில்லை.

அந்தத் தாயால் உதவ முடியும் என்பது நம் கருத்து. அவளது அறியாமையே அதற்குத் துணை.

நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றியது சீயகங்கன் என்னும் கங்கர் குலத் தலைவனின் வேண்டுகோளால். (கங்கர்களின் பழைய தலைநகரான தலைக்காடு கொள்ளேகாலுக்கு அண்மையிலேயே காவிரிக் கரையில் உள்ளது.) அந்நூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமற் கேட்பது அறியா வினா. ஆசிரியரும் தேர்வாளரும் கேட்பன அறிவினாக்கள். ஆதலால் பிள்ளை தன் எண்ணத்தை எழுதாமல், அவர் மனத்தில் இருக்கும் விடை யாதென ஊகிக்க முற்படுகிறது. தாய் கேட்பதோ மெய்யான அறியா வினா. அவளுக்கு விளங்கும்படி சொல்லியே ஆகவேண்டும். பாதியை விழுங்கிச் சொன்னால் அவள் விடமாட்டாள்.

கன்னடப் பாடத்தில் பழமொழியை விரித்தெழுதும் வினா ஒன்று வரும். "கை கெசராதரெ பாயி மொசரு" என்பது பலரும் அறிந்த பழமொழி. கை சேறானால் வாய்க்குத் தயிர் என்பது பொருள். உழைப்பே உயர்வு தரும் என்று வினா-விடை நூலில் ஒரு பத்தி இருக்கும். வகுப்பு முழுவதும் அதையே எழுதும். தாய் கேட்கட்டும்: சேறு யார் கையில்? எந்த மாதத்தில்? தயிர் யார் வீட்டுத் தயிர்? சேற்றில் இறங்கியவருக்குத்தான் அது கிடைக்கிறதா? நாற்று நடுவோரைப் பார்த்த பிள்ளைக்கு விடை கிடைக்கும். கொள்ளேகாலில் வயலைப் பாராத பிள்ளையும், வெந்நீரில் இட்ட பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுக்கும் கைகளைக் கண்டிருக்கலாம். சேறு இல்லை; வெப்பம் உண்டு. பழமொழி அதற்கும் பொருந்துமா என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கினால் பத்தி தானே அமையும். செய்யுளடியைத் தந்து இடம் சுட்டி விளக்கச் சொல்லும் வினாவுக்கும் இதே வழிதான்: சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், அப்பொழுது என்ன நேர்ந்தது என்று கதை கேட்பதுபோலக் கேட்டால் போதும்.

தமிழிற் சொல்லிக் கன்னடத்தில் எழுதினால் இரண்டும் குழம்பாவோ என்று சிலர் அஞ்சுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அறிந்தவரையில், பொருள் தெளிந்தபின் மொழி குழம்புவது அரிது; சொல்லுக்குச் சொல் மாற்றுவதே கேடு. நம் பால் அங்கே ஹாலு; நம் பல் ஹல்லு. ஆனால் பள்ளி ஹள்ளியாகும்பொழுது பிள்ளை பாடசாலையை விட்டுச் சிற்றூருக்குப் போய்விடும். இவ்வேறுபாட்டைப் பிள்ளையே தாய்க்குச் சொல்லிச் சிரிக்கட்டும்.

எழுத்துப் பிழையைத் திருத்துதல் ஆசிரியர் வேலை. அதில் வீட்டார் கைவைக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழிற் பொருள் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை திகைத்து நிற்கும் வரி, பெரும்பாலும் எங்கோ பார்த்து எழுதிய வரியாக இருக்கும். அந்த வரியை மட்டும் மறுபடியும் கேளுங்கள்.