கொடி பெரிதா, கருத்து பெரிதா?



தேசக் கொடியைக் கொளுத்துகிறவனைச் சிறையில் போடலாமா, கூடாதா என்பதே இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். அமெரிக்காவில் இதைப்பற்றிப் பெரிய வழக்கே நடந்திருப்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

1984-ம் வருஷத்தில் ரிபப்ளிக்கன் கட்சியார் டல்லாஸ் நகரில் மகாநாடு கூட்டினார்கள். ரீகன் சர்க்காரைக் கண்டித்து ஊர்வலம் போனவர்களில் ஜான்சன் என்பவர் அமெரிக்கக் கொடி ஒன்றைக் கொளுத்தினார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் டெக்ஸாஸ் மாகாணச் சட்டப்படி அவருக்கு ஒரு வருஷச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? வணக்கத்துக்குரிய பொருளைக் களங்கப்படுத்தினாராம்! அந்தச் சட்டத்தில் வழிபாட்டு இடமும், இடுகாடும், கொடியும் ஒரே வரிசையில் இருந்தன. துணியைச் சாமியாக்கிவிட்டால் சட்டமும் பூசாரியாகத்தானே ஆகவேண்டும்?

சரி, கொளுத்துவதுதான் குற்றமா? நைந்துபோன கொடியை மரியாதையோடு கொளுத்திவிடுவதே மேல் என்று அந்நாட்டுக் கொடி விதியே சொல்லுகிறது. அதே துணி, அதே நெருப்பு, அதே சாம்பல். பக்தியோடு கொளுத்தினால் மரியாதை. வெறுப்போடு கொளுத்தினால் ஜெயில்! அப்படியானால் தண்டனை நெருப்புக்கா, நெஞ்சிலிருக்கும் அபிப்பிராயத்துக்கா?

1989-ல் சுப்ரீம் கோர்ட்டு, 5 ஜட்ஜுகள் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமுமாக, இது பேச்சுரிமையே என்று தீர்ப்பளித்தது. அந்த ஐவரில் பழமைவாதி என்று பேர்போன ஸ்காலியாவும் ஒருவர். உடனே காங்கிரஸ் சபையார் புதுச் சட்டம் செய்தார்கள். 1990-ல் அதுவும் செல்லாதென்றாயிற்று. அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். 2006-ல் செனட் சபையில் ஒரே ஓட்டுக் குறைவால் தோற்றது. 2025-ல் ஜனாதிபதி டிரம்ப், கொடி கொளுத்துவோர்மீது வழக்குத் தொடர வழி பார்க்கும்படி உத்தரவு போட்டார். உத்தரவினால் தீர்ப்பு மாறாது. ஆனால் ஆசை விடவில்லை!

"கொடிக்காக உயிர்விட்டவர்களின் வீட்டார் மனம் புண்படாதா?" என்பார்கள். புண்படும். மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பி, கொடி போர்த்திய பெட்டியாகத் திரும்பப் பெற்ற தாயின் துக்கத்தைப் பரிகசிக்க நான் வரவில்லை. ஆனால் மனம் புண்படுவதே குற்றத்துக்கு அளவுகோலென்றால், எவன் எந்தச் சீர்திருத்தத்தைப் பேசமுடியும்? ராஜாவை வாழ்த்துகிறவனுக்கு எந்த ராஜ்யத்திலும் தடை இருந்ததில்லையே! வெறுக்கப்படுகிற பேச்சுக்குத்தானே உரிமை வேண்டியிருக்கிறது?

பிறத்தியான் கொடியைத் திருடினால் திருட்டுக்குத் தண்டியுங்கள். நெருப்பினால் ஆபத்து உண்டாக்கினால் அதற்குத் தண்டியுங்கள். கருத்துக்கு மாத்திரம் கருத்தாலேயே பதில் சொல்லுங்கள். டல்லாஸில் வேடிக்கை பார்த்த ஒருவர், எரிந்த கொடியின் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டுபோய்த் தம் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். அவருடைய பக்தி எனக்கில்லை. ஆனாலும் அதுவே யோக்கியமான பதில்.

நம் நாட்டிலோ 1971-ம் வருஷச் சட்டப்படி இதற்கு 3 வருஷம்வரை சிறை உண்டு. ஆகவே இது அமெரிக்கக்காரன் கவலை மட்டுமல்ல. கொடியைக் கொளுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. கொளுத்தினவனைச் சிறையில் போட்டால்தான் மானம் நிற்குமென்றால், அதைச் சுதந்திரத்தின் கொடி என்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்றுதான் கேட்கின்றேன். யோசித்துப் பாருங்கள்.