'இன்டெலிஜென்ட்' என்னும் சொல்



'இன்டெலிஜென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிறவி அறிவாளிக்கே உரியதென நாம் கருதுகிறோம். அதன் வேரான இலத்தீன் வினைச்சொல்லுக்குப் 'புரிந்துகொள்' என்பதே பொருள். புரிந்துகொள்ளுதல் ஒரு செயல், எவரும் பழகலாம்.

1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினே, சைமனுடன் சேர்ந்து அறிவுத்தேர்வை வகுத்தது, தனி உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறியவே. அறிவு பயிற்சியால் வளரும் என்று 1909-இல் அவர் எழுதினார். ஆயினும் ஆசிரியர்களாகிய நாமே, வீட்டில் விளக்கில்லாத பிள்ளையை 'டல்' என்று குறித்ததுண்டு. அன்று நாம் அளந்தது அவ்வீட்டு மண்ணெண்ணெயைத்தான்!

இனி மாலைதோறும் ஆளுக்கொரு பிள்ளைக்கேனும் பாடம் புரியச் செய்வோம். அச்சொல்லை அதன் பொருளறிந்து வழங்குவது அதுவே.