கவ்வாத்துத் தெரிந்த கைகளும் ஜப்பானின் சின்ன மரங்களும்

(தோட்டத்து வாசிகசாலையில் நடந்த வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கீரையும் கறிவேப்பிலையும் வளர்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் மரத்தை முழங்கால் உயரத்துக்குள் வளர்க்கிற கலையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். அதற்குப் பெயர் போன்சாய். ஜப்பான் மொழியில் ‘போன்’ என்றால் தட்டு, ‘சாய்’ என்றால் நடுவது. தட்டில் நட்ட மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலையின் வேர் சீனாவில் இருக்கிறது. அங்கே 706ஆம் ஆண்டில் கட்டிய ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரில், சிறு செடிகள் வைத்த தட்டை ஏந்தி வரும் பணியாளின் படம் உண்டு. அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் வளர்ந்தது. 1923-ல் பெரிய பூமியதிர்ச்சி தோக்கியோவைப் பாழாக்கிய பிறகு, அங்கே மரம் வளர்த்தவர்கள் சிலர் ஓமியா என்ற இடத்துக்குப் போய், 1925-ல் தங்களுக்கென்று ஒரு கிராமமே அமைத்தார்கள். அந்தக் கிராமம் இன்றைக்கும் இருக்கிறது.

“அது குட்டை ஜாதி மரம்தானே?” என்று பலர் கேட்பார்கள். இல்லைங்க. அதே மரத்தைக் காட்டில் நட்டால் கூரைக்கு மேலே போகும். பட்டினி போட்டும் அதைச் சின்னதாக்குவதில்லை. தட்டில் மண் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் தண்ணீரும் உரமும் நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் செத்துவிடும். சின்னதாக வைத்திருப்பது வெட்டுகிற கைதான்.

போன்சாயில் பைன் போல எப்போதும் பச்சையாக நிற்கும் மரங்கள் உண்டு. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும் மரங்களும் உண்டு. மேப்பிள், செல்கோவா, கிங்கோ எல்லாம் அப்படி. மேப்பிள் இலை நம் உள்ளங்கையை விரித்த மாதிரி இருக்கும். உதிர்வதற்கு முன் சிவந்துபோகும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இந்த மரத்தைப் பார்க்கப் போவது இலை கொட்டிய பிறகு. மொட்டை மரத்தில் எதையும் மறைக்க முடியாது. தப்பாக வெட்டிய இடம், கோணலாகப் போன வாது எல்லாம் வெளியே தெரியும்.

இலை உதிர்க்கிற மரம், உதிர்ப்பதற்கு முன்னாலேயே சாப்பாட்டைத் தண்டிலும் வேரிலும் சேர்த்துவைக்கும். குளிர் போனதும் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் அரும்பு விடும். அரும்பு வீங்கி, இன்னும் விரியாமல் இருக்கிற நாட்களில் மரத்தைத் தட்டிலிருந்து எடுப்பார்கள். நேரே கீழே போகும் தடித்த வேரை வெட்டி, பக்கத்து வேர்களைப் பரப்பி, புதுமண்ணில் வைப்பார்கள். இளமரத்துக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கும்.

தண்டு அடியில் பருத்தும் மேலே போகப்போக மெலிந்தும் இருந்தால்தான் வயதான மரம் போலத் தோன்றும். அதற்காக இளமரத்தை நிலத்தில் தாராளமாக வளரவிட்டு, பிறகு தாழ வெட்டிவிடுவார்கள். புதிதாக வரும் தளிர்களில் ஒன்றை மேலே போக விடுவார்கள். அது தடித்ததும் மறுபடி வெட்டு. இப்படியே வருஷங்கள் போகும். வாதுகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைப்பார்கள். கம்பி பட்டையில் பதிவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். விட்டால் தழும்பு ஆறப் பல வருஷம் ஆகும். தளிர் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்து அரும்புகள் கிளம்பும். கிளை பெருகப் பெருக இலையும் சின்னதாகும். பூவும் காயும் மட்டும் தங்கள் அளவில்தான் வரும்.

இவ்வளவும் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். ஏனென்று தெரியும். இது நம்ம வேலை!

தேயிலையும் மரம்தான். வெட்டாமல் விட்டால் லயத்துக் கூரையைத் தாண்டி வளரும். 1867-ல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அதை இடுப்பளவில் வைத்திருப்பது உங்கள் பாட்டன் பூட்டன் கையும் உங்கள் கையும். கவ்வாத்துக்கு முன்னால் கொழுந்து எடுக்காமல் மலையை ஆறப்போடுவது எதற்கு? வேரில் சாப்பாடு சேரத்தான். தண்ணி நிற்காமல் சாய்வாக வெட்டுவது, காய்ந்த வாதைக் கழிப்பது, எந்த வாதை விட்டால் செடி அகலும் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வது – இவை ஜப்பானில் வருஷக்கணக்காகக் குருவிடம் இருந்து கற்கிற பாடங்கள். அங்கே அதைக் கலை என்கிறார்கள். நம்ம ஆட்கள் செய்தால் ‘படிக்காதவன் வேலை’ என்கிறார்கள். நம்ம பிள்ளைகளும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

இதை இன்னொரு தோட்டத்தில் பேசியபோது ஒரு தம்பி எழும்பி, “பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல நம்மளையும் இப்படித்தானே வச்சிருக்காங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. போன்சாய் வளர்ப்பவர் வேருக்கு இடம் போதாவிட்டால் எடுத்துப் புதுமண் கொடுக்கிறார். ஒரு நாள் தண்ணீர் தவறினால் பதறுகிறார். அந்த அக்கறைகூட நம்ம லயங்களுக்குக் கிடைத்ததில்லை. மரத்தை மனிதர் தட்டில் வைக்கலாம். மனிதரை யாரும் அப்படி வைக்கக்கூடாது. வீட்டுக்கும் காணிக்கும் நாம் கேட்பதை விடவும் கூடாது.

சொந்தக் காணி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். மேப்பிளுக்கு நல்ல குளிர்காலம் வேண்டும். அதைத் தேட வேண்டாம். நுவரெலியாப் பக்கம் பீச், பேரி; ஊவாப் பக்கம் நெல்லி. இவை நம்ம மலையிலேயே இலை உதிர்க்கும். விதை போட்டோ நாற்று வாங்கியோ தொடங்குங்கள். காட்டில் போய் மரம் தோண்ட வேண்டாம். ஓட்டை போட்ட பழைய பேசின் போதும். அடியில் சல்லி, மேலே சலித்த மண்ணோடு மணல். முதல் இரண்டு வருஷம் தண்டு பருக்கட்டும், வெட்ட அவசரப்படாதீர்கள். இதை விற்று உடனே காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வருஷ வேலை இது.

தம்பி தங்கைகளே, வெட்டுகிற காலம் வந்ததும் அந்தப் பேசினைத் தூக்கிக்கொண்டு வீட்டில் கவ்வாத்து வெட்டுகிற அப்பாவிடமோ தாத்தாவிடமோ போங்கள். “எந்த வாதை வெட்ட, எதை விட?” என்று கேளுங்கள். அவர் சொல்லுவதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை.