டீசல் டேங்க் மூடி வாங்கும்போது

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாய் ஏற்றம். முழு லோடு ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று பாதி ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது. கொஞ்ச தூரத்தில் எஞ்சினே அடங்கிவிடுகிறது. ஃபில்டர் அடைப்பு என்கிறார் ஒருவர். ஃபீட் பம்ப் போச்சு என்கிறார் இன்னொருவர். டீசல் இருக்கிறதா பார்ப்போம் என்று டிரைவர் டேங்க் மூடியைத் திறக்க, 'உஸ்'ஸென்று காற்று உள்ளே இழுபடுகிறது. மூடியைப் போட்டுக் கைப்பம்பை நாலு அடி அடித்து ஸ்டார்ட் செய்தால் வண்டி தாராளமாக ஏறுகிறது. அரை மணி கழித்து மறுபடி அதே கதை. விவரம் தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டதும் எஞ்சினில் கை வைக்கமாட்டார். "மூடிய எப்பண்ணே மாத்துனீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்.

டேங்கிலிருந்து ஒரு லிட்டர் டீசல் போனால் அந்த இடத்துக்கு ஒரு லிட்டர் காற்று வந்தாக வேண்டும். சில டேங்குகளில் அதற்கென்று மேலே தனிக் குழாய் வைத்திருப்பார்கள். அது இல்லாத டேங்குகளில் காற்று வருவது மூடி வழியாகத்தான். மூடியின் நடுவில் சின்னத் துளை, அதற்குள் ஒரு வால்வு. காற்றை உள்ளே விடும். வண்டி சாய்ந்தாலும் டீசலை வெளியே விடாது. இப்படிப்பட்ட டேங்குக்குத் துளையில்லாத மூடியை வாங்கிப் போட்டால், பம்ப் உறிஞ்ச உறிஞ்ச உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். எஞ்சினுக்கு டீசல் வராது. மெல்லிய தகடாக இருந்தால் டேங்கின் பக்கமே உள்வாங்கிவிடும்.

கடையில் நாம் பார்ப்பதோ பூட்டை. சாவி நன்றாகத் திரும்புகிறதா, பளபளப்பாக இருக்கிறதா, அவ்வளவுதான். டீசல் திருட்டு நடக்கிற நாட்டில் பூட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுல ஏர் ஹோல் இருக்கா?" என்பதுதான். பூட்டு அதற்கு அடுத்தது. அதிலும் சாவித் துவாரத்தின் மேல் தூசு மறைக்கும் சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் உள்ளே துருப்பிடித்து, பங்க்கில் பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்கச் சாவியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

அளவு விஷயத்துக்கு வருவோம். வண்டியின் பெயரையும் மாடலையும் சொல்லி மூடி கேட்பது வழக்கம். பழைய வண்டியில் அது பலிக்காது. டேங்க் எப்போதோ மாறியிருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த டேங்காகக்கூட இருக்கலாம். மூடி பொருந்த வேண்டியது டேங்க் கழுத்துக்கு. பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள். அது மரை போட்டதா, காதுகளை இடுக்கில் நுழைத்துக் கால் சுற்றுத் திருப்புகிற வகையா, காது இரண்டா மூன்றா என்று பார்க்க வேண்டும். கழுத்தின் உள் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற மூடி கையால் திருகும்போது இறுகினாற்போலத்தான் இருக்கும்; மேடுபள்ளத்தில் நூறு கிலோமீட்டர் ஓடினால் தளர்ந்துவிடும்.

தளர்ந்த மூடியில் லாரிக்காரருக்கு மட்டுமா நஷ்டம்? முழு டேங்கோடு ரவுண்டானாவில் திரும்பும்போது தளும்பி ஊற்றுகிற டீசல், பின்னால் வரும் பைக்கை வழுக்கிக் கீழே தள்ளும். தூறல் விழுந்த ரோட்டில் கேட்கவே வேண்டாம். வெளியே கசிகிற வழியில்தான் மழைத் தண்ணீர் உள்ளேயும் போகிறது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் இன்ஜெக்டரின் உள் இடைவெளி சில மைக்ரான்தான். தண்ணீரும் தூசும் அதற்கு எமன். மூடி சரியில்லையென்று பாலித்தீன் பையை வைத்து இறுக்குகிறார்களே, அதில் காற்றுத் துளையும் சேர்ந்து அடைபடுகிறது.

சில சமயம் மூடியே வாங்க வேண்டியிருக்காது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஊதியோ வெடித்தோ போயிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். வாஷர் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிக்கொண்டு மூடியைத் திருப்பவே விடாது.

நல்ல மூடி போட்டாயிற்றே என்று கழுத்து வரை நிரப்பவும் கூடாது. டீசல் சூட்டில் விரியும். 300 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 லிட்டர் கூடும். அமெரிக்காவில் ட்ரெய்லர் இழுக்கும் பெரிய வண்டிகளுக்கு, வழக்கமாக நிரப்பும்போது கொள்ளளவில் 95 சதவீதத்தைத் தாண்டாதபடி டேங்கை அமைக்க வேண்டும் என்று விதியே போட்டிருந்தார்கள். நம் பங்க்குகளில் ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்டா போடுப்பா" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 லாரிகள் பலவற்றில் இன்னொரு மூடியும் உண்டு. நீல நிறம். அது ஆட்ப்ளூ டேங்க். அதிலிருப்பது 32.5 சதவீத யூரியாவும் சுத்திகரித்த தண்ணீரும். அந்த மூடி தொலைந்தால் கிடைத்த கறுப்பு மூடியைப் போட்டு ஓட்டாதீர்கள். ராத்திரி பங்க்கில் தூக்கக் கலக்கத்தில் டீசலை அதில் விட்டுவிட்டால், டேங்க், குழாய், பம்ப் என்று செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நீலத்துக்கு நீலமே வாங்குங்கள். அந்த மூடியைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்தால் வெறும் தண்ணீரில் கழுவினால் கரைந்துவிடும். விட்டுவைத்தால் காற்றுத் துளையை அது அடைத்துவிடும்.

புது மூடி போட்ட முதல் ட்ரிப்பில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஓரங்கட்டுங்கள். கழுத்துக்குக் கீழே விரலால் தடவினால் ஈரம் இருக்கக் கூடாது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' சத்தம் பலமாக வந்தால், பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். பில் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.